விஷத்தின் சொந்தக்காரன்

தவறு செய்பவன் ஒருவனாகவும் அதைச் சுமப்பவன் வேறொருவனாகவும் இருப்பது உலகத்துக்குப் புதிய செய்தி அன்று. அண்ணன் வாங்கிய கடனைத் தம்பி அடைக்கிறான். தகப்பன் குடித்ததற்குப் பெண்ணின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. கதை எழுதுகிறவனுக்கு இதுதான் மூலதனம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இந்தக் கதைகளில் எல்லாம் சுமக்கிறவனுக்கு ஒரு வாய் இருக்கிறது. 'இனி என்னால் முடியாது' என்று ஒரு நாள் அவன் சொல்லிவிடக்கூடும். சொல்லிவிடுவானோ என்ற பயமாவது தவறு செய்தவன் மனத்தில் ஒரு மூலையில் இருக்கும். சுமப்பது ஒரு செடியாக இருந்துவிட்டால்?

தொழிற்சாலைக் கழிவு நீரில் கலந்திருக்கும் நச்சு உலோகங்களைச் செடிகளைக் கொண்டு அகற்றும் முறையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது முதல் இந்தக் கேள்வி என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

முறை எளிமையானதுதான். கழிவு நீரை அகலமான, ஆழம் குறைந்த குட்டைகளில் தேக்கி, அதில் ஆகாயத்தாமரையை மிதக்க விடுகிறார்கள். அல்லது ஜல்லியும் மணலும் பரப்பிய தொட்டிகளில் நாணலையும் சம்பங்கோரையையும் நட்டு, அவற்றின் வேர்களுக்கு நடுவே நீரை மெல்ல மெல்ல நடத்திச் செல்கிறார்கள். நீரில் கரைந்திருக்கும் குரோமியம், காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை வேர்கள் பற்றிக்கொள்கின்றன. சில உலோகங்கள் வேரோடு நின்றுவிடும். சில தண்டுக்கும் இலைக்கும் ஏறும். ஒரு பக்கம் விஷத்தோடு நுழைந்த தண்ணீர் மறுபக்கம் ஓரளவு தேறி வெளியே வருகிறது. மின்சாரச் செலவு மிகக் குறைவு, ஓசை இல்லை, பார்க்கவும் பச்சைப் பசேல் என்றிருக்கும்.

செடிகளுக்கு இப்படி ஒரு திறமை இருப்பது வியப்புத்தான். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறதே கடுகு, அந்தச் செடி மண்ணிலிருந்து ஈயத்தையும் காட்மியத்தையும் இழுத்துக்கொள்வதில் பெயர் பெற்றது. அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் மரத்துக்கு மருந்தேற்றும் ஒரு பழைய தொழிற்சாலை நிலத்தில், ஆர்சனிக் ஊறிப்போன மண்ணில், பெரணிச் செடி ஒன்று வாட்டமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. அது ஆர்சனிக்கை இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று 2001-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பசிபிக் கடலில் நியூ கலிடோனியா என்ற தீவில் ஒரு மரம் இருக்கிறது. அதன் பட்டையைக் கீறினால் நீலமும் பச்சையும் கலந்த பால் வடியும். அந்தப் பாலைக் காயவைத்து எடை போட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிக்கல் உலோகம்! மனிதனுக்குச் சுரங்கம் தோண்டினால் கிடைப்பது அந்த மரத்துக்கு வேர் விட்டாலே கிடைத்துவிடுகிறது.

இந்த வியப்போடு நின்றுவிட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். பாலாறு நினைவுக்கு வந்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று அந்த ஆற்றை ஒட்டியும் அதன் சுற்றுப்புறத்திலும் தோல் பதனிடும் ஊர்கள் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் 'தோல் ஷாப்' என்று சொன்னால் குழந்தைக்கும் தெரியும். முன்பெல்லாம் அங்கே தோலைப் பதனிட்டது செடிதான். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த சாற்றில் தோலை வாரக்கணக்கில் கிடத்துவார்கள். அந்தச் சாற்றுக் கழிவும் நாறியது. அதையும் வெளியேதான் விட்டார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதில் குரோமியம் இல்லை.

1903-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமிய உப்பால் தோல் பதனிடும் பரிசோதனைகளைத் தொடங்கினார். கிணற்றில் கவலை இறைக்கும் தோற்பைகளுக்கு அந்தத் தோல் உழைக்கும் என்பது அன்றைய நோக்கங்களில் ஒன்று. உழவனுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்க வந்தது குரோமியம்! பின்னால் 1970-களில் அரசாங்கம், அரைப் பதனில் தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் தோற்பொருள்களையும் ஊக்கியது. கூலியும் லாபமும் நம் நாட்டிலேயே தங்கட்டும் என்ற நல்ல எண்ணந்தான். கூலி தங்கியது. லாபம் தங்கியது. அவற்றோடு குரோமியமும் தங்கிவிட்டது.

வாரக்கணக்கில் நடந்த வேலையைக் குரோமிய உப்பு ஒரு நாளில் முடித்துவிடுகிறது. ஆனால் வழக்கமான முறையில் போடுகிற உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் பிடிக்காமல் தண்ணீரோடு போய்விடும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். இந்தத் தண்ணீர் வயலுக்கும் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போயிற்று. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. அதில் குரோமியத்தின் பங்கும் உண்டு, உப்பின் பங்கும் உண்டு. உப்பைச் செடிகளால் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. உலோகத்தைத்தான் அவை பற்றுகின்றன.

எவ்வளவு விசித்திரமான சுற்று பாருங்கள்! செடியின் பட்டையால் செய்த வேலையை, தாமதமாகிறது என்று அதனிடமிருந்து பறித்து உலோகத்திடம் கொடுத்தோம். இப்போது அந்த உலோகத்தை எடுத்துக்கொண்டு போ என்று மறுபடியும் செடியிடமே வந்து நிற்கிறோம்.

இந்தச் செடிகளை நினைத்தவுடன் நம் மனம் திருநீலகண்டனிடம் போவது இயல்பு. பாற்கடலைக் கடைந்தவர்கள் ஒரு கூட்டம். அமுதத்துக்கு ஆசைப்பட்டவர்கள் அதே கூட்டம். ஆலகாலம் எழுந்ததும் ஓடியவர்களும் அவர்களே. குடித்தவன் மட்டும் வேறு. தொழிற்சாலைக் கரையில் நிற்கும் சம்பங்கோரையும் இப்படித்தானே நமக்காக நஞ்சுண்டு நிற்கிறது என்று சொன்னால் கேட்க இனிமையாக இருக்கிறது. மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள்.

ஆனால் அது உண்மை அல்ல. சிவபெருமான் அது விஷம் என்று தெரிந்து குடித்தான். செடிக்குத் தெரியாது. அதை நாம் ஏமாற்றுகிறோம்.

செடிக்குத் துத்தநாகம் சிறிதளவு தேவை. காட்மியம் சாயலில் துத்தநாகத்தை ஒத்திருப்பதால் அதே வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிடுகிறது. பாஸ்பேட் என்று நினைத்து ஆர்சனிக்கை உள்ளே விடுகிறது வேர். சல்பேட் போல வேஷமிட்டுக் குரோமேட் நுழைகிறது. சாப்பாடு என்று எண்ணி வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே சங்கடம் தொடங்குகிறது. அப்போது செடி என்ன செய்கிறது தெரியுமா? உயிரணுவுக்குள்ளேயே புரதம் போன்ற சிறு இழைகளைத் தயாரித்து, அந்த உலோகத்தைக் கட்டிப் போட்டு, ஓர் அறையில் அடைத்துப் பூட்டிவிடுகிறது. வீட்டுக்குள் புகுந்துவிட்ட திருடனை உள்ளறையில் தள்ளித் தாழிட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து சமையலையும் குடித்தனத்தையும் கவனிக்கிறவனைப் போல அது வாழ்கிறது. இது தியாகம் அன்று. தப்பிப் பிழைக்கும் சாமர்த்தியம். அதைத் தியாகம் என்று அழைப்பதால் செடிக்கு ஒரு பெருமையும் சேரப்போவதில்லை. தியாகி ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதி நமக்குத்தான் கிடைக்கிறது.

செடி நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல என்பதற்கு ஜப்பானில் ஒரு கொடிய சாட்சி உண்டு. டோயாமா என்ற பகுதியில் ஜின்சூ என்று ஓர் ஆறு. மலை மேல் கமியோக்கா சுரங்கத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுத்தார்கள். அங்கிருந்து கழிந்த காட்மியம் ஆற்றில் கலந்து, பாசனக் கால்வாய் வழியாக வயலுக்கு வந்தது. நெற்பயிர் என்ன செய்யும்? இன்று நாம் எந்த வேலைக்காகச் சம்பங்கோரையைக் கொண்டாடுகிறோமோ, அந்த வேலையைத்தான் அது செய்தது. நீரிலிருந்த உலோகத்தை வாங்கி மணியில் வைத்தது. அந்தச் சோற்றைத் தின்றவர்களுக்கு, பெரும்பாலும் நடுவயதைக் கடந்த பெண்களுக்கு, எலும்புகள் நொறுங்கின. இருமினால்கூட எலும்பு முறிந்தது. அவர்கள் அலறிய அலறலையே நோய்க்குப் பெயராக வைத்துவிட்டார்கள்: 'இதாய் இதாய்'. 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்று பொருள். 1968-ஆம் ஆண்டில்தான் ஜப்பானிய அரசாங்கம் அதைக் காட்மியத்தால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. கெட்டுப்போன வயல்களைச் சீர்திருத்தி முடிக்க 2012-ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

நெல்லும் கோரையும் செய்தது ஒரே காரியம். ஒன்றைச் சோறாக்கித் தின்றோம். மற்றொன்றைச் சுத்திகரிப்பு என்று மெச்சுகிறோம். வேற்றுமை செடியில் இல்லை. அறுவடைக்குப் பிறகு மனிதன் என்ன செய்கிறான் என்பதில் இருக்கிறது.

என் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. சாணமும் சாக்கடையும் கலந்த நீரை ஒரு குளத்தில் விட்டால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்த அழுக்கைத் தின்று தீர்த்துவிடும். அது அழிகிற அழுக்கு. குரோமியம் அழியாது. அது ஒரு தனிமம். எரித்தால் சாம்பலில் இருக்கும். புதைத்தால் மண்ணில் இருக்கும். செடி அதை அழிக்கவில்லை. இடம் மாற்றி வைத்தது, அவ்வளவுதான். காலத்தில் அறுக்காமல் விட்டுவிட்டால் ஆகாயத்தாமரை அழுகிக் குட்டையின் அடியில் படியும். வாங்கியதைத் தண்ணீரிடமே திருப்பிக் கொடுத்துவிடும். அறுத்துக் கரையில் போட்டால் ஆடு மாடு மேயும். சும்மா எரித்தால் சாம்பல் காற்றில் பறக்கும். லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டினால், கொட்டிய இடத்துக்கு அருகில் யாரோ ஒருவர் கிணறு வெட்டியிருப்பார்.

அந்த 'யாரோ ஒருவர்' எப்போதும் ஏழையாகவே இருப்பது ஏன்?

2015-ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசி நாளில் ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அது செடிகளைக் கொண்டு நடத்திய நிலையம் அல்ல. தோல் கழிவு நீரை இயந்திரங்களால் சுத்தம் செய்யும் பொது நிலையம். நீரிலிருந்து பிரித்தெடுத்த சேற்றை ஒரு தொட்டியில் தேக்கி வைத்திருந்தார்கள். விடியும் முன் தொட்டியின் சுவர் இடிந்து, சேறு பக்கத்துத் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பத்துப் பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைப்பைத் தேடி மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். தண்ணீரிலிருந்து விஷத்தைப் பிரித்தாயிற்று என்று கணக்கில் எழுதியிருப்பார்கள். பிரித்த விஷம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அந்தப் பத்துப் பேர் பதில் சொல்ல நேர்ந்தது.

நம் சமூகத்துக்கு இந்தப் பழக்கம் நெடுநாளையது. நம் அழுக்கைச் சுமப்பதற்கென்றே சில மனிதர்களைப் பிறப்பால் ஒதுக்கி வைத்தோம். அவர்கள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருக்கோடியில் மறைந்ததும், வீடு சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக் கையைக் கழுவினோம். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. போதாமல் 2013-இல் மற்றொன்று வந்தது. சட்டம் இரண்டு முறை வந்தும் மனப்பான்மை முழுதும் போய்விடவில்லை. கண்ணுக்கு மறைந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற மனம் அது. செடியைக் கண்டதும் அந்த மனம் மகிழ்ச்சியோடு எழுந்து உட்கார்ந்துகொள்கிறதோ என்பதுதான் என் பயம். கூலி கேட்காத, எதிர்த்துப் பேசாத ஒரு சுமைதாங்கி அல்லவா கிடைத்திருக்கிறது!

என் நண்பர் ஒருவர், தண்ணீர்த் துறையில் பல வருஷங்கள் உழைத்தவர், இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஸார், நீங்கள் பாவ புண்ணியக் கணக்குப் பார்க்கிறீர்கள். குடத்தோடு குழாயடியில் நிற்கிறவளுக்கு அந்தக் கணக்கு எதற்கு? விஷம் யாருடையது என்று நீங்கள் தீர்மானிப்பதற்குள் அவள் பிள்ளை அதைக் குடித்துவிடும். செடியோ இயந்திரமோ, முதலில் தண்ணீரைச் சுத்தம் செய்கிற வழியைப் பாருங்கள்."

அவர் சொன்னதில் பெரும்பகுதி நியாயம். வீடு எரியும்போது பற்றவைத்தவனைத் தேடிக்கொண்டிருப்பவன் அறிவாளி அல்ல. தோல் தொழிலை இழுத்து மூடு என்று சொல்வதும் எளிது. அந்தத் தொழிலையும் அதைச் சார்ந்த செருப்புத் தொழிற்சாலைகளையும் நம்பி அடுப்பு மூட்டுகிற குடும்பங்கள் அந்த ஊர்களில் ஏராளம். அவர்கள் பதனிட்ட தோல் என் காலிலும் இருக்கலாம். இதைப் படிக்கிற உங்கள் கைப்பையிலும் இருக்கலாம். ஆகவே நாம் வெளியே நின்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகள் அல்ல.

ஆனாலும் அவருடைய நியாயத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. விஷத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கைவிடப்பட்ட பழைய விஷம். ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகள் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற கழிவு லட்சம் டன்னுக்கு மேல். ஆண்டுக்கணக்கில் அது திறந்த வெளியில் குவியலாகக் கிடந்து, மழை பெய்தபோதெல்லாம் மஞ்சள் நீராகக் கசிந்து நிலத்தடியில் இறங்கியது. தோல் பதனிடும் குரோமிய உப்பைவிட இந்த வகைக் குரோமியம் மிகக் கொடியது, புற்றுநோயைக் கொண்டுவரும். இப்படிப்பட்ட இடங்களில் குவியலை மனிதன் அகற்றிய பிறகு, மண்ணிலும் நீரிலும் எஞ்சியிருப்பதை வாங்கிக்கொள்ளச் செடியின் உதவியைக் கேட்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஊரார் கூடிச் செய்யவேண்டிய ஈமக் கடன் போன்றது அது.

மற்றொன்று, இன்று காலையில் உண்டாக்கி இன்று மாலையில் திறந்துவிடுகிற புதிய விஷம். இதற்குச் சொந்தக்காரன் உயிரோடு இருக்கிறான். இங்கே செடியை முதலில் கூப்பிடுவது முறையல்ல. தோலில் பிடிக்காமல் மிஞ்சிய குரோமியத்தைத் தனியே பிரித்து, அமிலத்தில் கரைத்து, மறுபடியும் அதே வேலைக்கு உபயோகிக்க வழி இருக்கிறது. 1948-இல் தொடங்கிய நம் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், குரோமியப் பதனிடுதலில் தண்ணீரே சேர்க்காத முறையைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறது. வீட்டிலேயே நிறுத்தக்கூடிய விஷத்தைத் தெருவில் விட்டுவிட்டு, தெருவில் செடி வைத்திருக்கிறோம் என்று பெருமைப்படுவதில் என்ன நேர்மை இருக்கிறது? எல்லாம் செய்த பிறகும் மிஞ்சுகிற கடைசித் துளிக்குச் செடி வரட்டும். முதல் குடத்துக்கு வரவேண்டாம்.

கெடுத்தவனே அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஓங்கிச் சொன்னது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்து, 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் வாய் திறந்து, நஷ்டஈடு கொடு, கெடுத்தவரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. பணமாகக் கொடுக்கிற விலை முக்கியந்தான். ஆனால் பணத்தைக் கட்டிவிட்டு விஷத்தை வேறொருவர் வாசலில் விட்டுப் போக முடியுமானால், அது விலை அன்று, வாடகை. மாதா மாதம் கட்டிவிட்டுத் தொடர்ந்து கெடுக்கலாம்.

நான் கேட்பது சிறிய காரியம். நாணல் வளரட்டும், ஆகாயத்தாமரை மிதக்கட்டும். ஆனால் அறுக்கிற ஒவ்வொரு கட்டையும் எடை போடவேண்டும். அந்த எடைக்கு எதிரே ஒரு பேரேட்டில், எந்தத் தொழிற்சாலையின் நீரிலிருந்து வந்தது என்று எழுதவேண்டும். அது பத்திரமாக எரிக்கப்பட்டு, சாம்பல் காப்பான இடத்தில் சேர்க்கப்பட்டதா, உலோகம் திரும்ப எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் வரையில் அந்தப் பெயரை அடிக்கக்கூடாது. அறுக்கிறவன் கையில் உறையும் காலில் பூட்ஸும் இருக்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். தொழிற்சாலை கைமாறினால் பேரேடும் கைமாறவேண்டும்.

செடிக்கு நாம் நன்றி சொல்லவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அதற்கு நன்றி தெரியாது. விஷத்தையே சோறு என்று நம்புகிற அப்பாவி அது. அது தெரியாமல் வாங்கி வைத்திருப்பது யாருடைய பொருள் என்பதை நாமாவது மறக்காமல் இருந்தால் போதும்.